சைபர் எழுதும் பழக்கம்



இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு என் பால்ய நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டார். "என்னய்யா இது, வெப்ப மண்டலப் பனிமலைகளில் வானிலையும் நீரோட்டமும்னு தலைப்புப் போட்டிருக்கே? கோவில்பட்டியில கலர்க் கடை ஐஸ் பெட்டியைத் தவிர வேறெங்க நாம பனிக்கட்டியைப் பார்த்தோம்?" என்றார். நியாயமான கேள்வி. தீப்பெட்டித் தொழில் இந்த ஊருக்கு வந்து வேர் பிடித்ததற்கே வறண்ட காற்றும் குறைந்த மழையும் ஒரு காரணம். ஈரமே தங்காத ஊரில் பனியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஒருவன் வந்திருக்கிறான் என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். கோவில்பட்டி வடக்கு அட்சரேகை 9 பாகை 10 கலையில் இருக்கிறது. தீர்க்கரேகை கிழக்கே 77 பாகை 52 கலை. இதில் வடக்கை அடித்துவிட்டுத் தெற்கு என்று எழுதுங்கள். கிழக்கை அடித்துவிட்டு மேற்கு என்று எழுதுங்கள். உலக உருண்டையில் அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், சாந்தா என்ற ஆற்றுக்கு மேற்கே ஒரு மலைச்சரிவில் விழுகிறது. அங்கே நின்று கிழக்கே திரும்பினால் ஆற்றுக்கு அக்கரையில், முப்பது கிலோமீட்டர் தொலைவில், உவாஸ்கரான் சிகரம். உயரம் 6,768 மீட்டர். பெரு நாட்டிலேயே உயரமான மலை அதுதான், உச்சி முழுக்க வெள்ளைப் பனி.

அந்த வெள்ளைத் தொடருக்கு ஸ்பானிய மொழியில் கோர்தியேரா பிளாங்கா என்று பெயர், வெள்ளை மலைத்தொடர். நம் ஊர்ப் புள்ளி விழுந்த இக்கரைத் தொடர் கோர்தியேரா நெக்ரா, கருப்பு மலைத்தொடர். அதில் பனி இல்லை, மழை பெய்தால்தான் உண்டு. கரிசல் பூமிக்காரன் உலகத்தின் அந்தப் பக்கம் போய் விழுந்தாலும் கருப்பில்தான் விழுகிறான்! இது தற்செயல், அறிவியல் எதுவும் இதில் இல்லை. ஆனால் வரைபடத்தில் இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த மலை எனக்கு அந்நிய ஊராகத் தெரியவில்லை.

அங்கே மழைக்காலம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை. மே முதல் செப்டம்பர் வரை வானம் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த ஐந்து மாதமும் சாந்தா ஆறு வற்றாமல் ஓடுவதற்குப் பனி ஒரு முக்கியக் காரணம். மேலே கட்டியாய் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கீழே வருகிறது. மலைக் கிராமங்களின் உருளைக்கிழங்கு வயல், உவாராஸ் நகரத்தின் குடிதண்ணீர், கான்யோன் தெல் பாத்தோ நீர்மின் நிலையம், கடைசியில் பசிபிக் கரைப் பாலைவனத்தில் அஸ்பராகஸ் விளைவித்து ஏற்றுமதி செய்யும் பெரும் பண்ணைகள், எல்லாம் அந்த ஓர் ஆற்றிலும் அதன் துணையாறுகளிலும் வாய் வைத்திருக்கின்றன. உலகத்தின் வெப்ப மண்டலப் பனிப்பாறைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு பெருவில்தான் இருக்கிறது. அதிலும் மிகப் பெரிய பங்கு இந்த ஒரு தொடரில்.

பெய்யும் காலத்தில் வாங்கி வைத்து, பெய்யாத காலத்தில் விட்டுக் கொடுப்பது பனியின் வேலை. அந்த வேலையை நம்மூரில் யார் செய்கிறார்? காலடியில் பாருங்கள், கரிசல் மண் செய்கிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசல், பயிர் உறிஞ்சிக்கொள்ளும் நிலையில் 150 முதல் 200 மி.மீ. மழையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் வாங்கிய ஈரத்தை வைத்துத்தான் தையிலும் மாசியிலும் பருத்தியும் மல்லியும் நிற்கின்றன. என் தாத்தா மழை விட்டதும் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவார். ஒரு முழம் தோண்டிப் பார்ப்பார். மேலிருந்து இறங்கிய ஈரம் அடியில் பழைய ஈரத்தைத் தொட்டிருந்தால், "ஈரத்தோட ஈரம் சேர்ந்துட்டு" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடுவார். தொடவில்லை என்றால் யாரிடமும் பேசமாட்டார். பாட்டிக்கு முற்றத்து உரல்தான் மழைமானி. குழி நிறைந்ததா, பாதியா, அடியில் மட்டும் கிடக்கிறதா என்று பார்த்துத்தான் உழவு மழையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வாள். இரண்டு பேருமே அளந்தவர்கள். எழுதி வைக்கவில்லை, அதுதான் குறை. தாத்தாவோடு அந்தக் கணக்கும் போய்விட்டது.

எழுதி வைத்த இடம் ஒன்று இதே ஊரில் இருக்கிறது. 1901-இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. இந்தியாவில் மானாவாரி விவசாயத்துக்கென்று வந்த பழைய நிலையங்களில் ஒன்று. இங்கிருந்து வெளிவந்த சோள ரகங்களையும் பருத்தி ரகங்களையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, விதைத்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அந்த நிலையத்தின் மழைக் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கோவில்பட்டிக்கு ஆண்டுக்கு எழுநூறு மி.மீ. சொச்சம் மழை. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்து தீர்ந்துவிடுகிறது. இது சராசரி. சராசரியை நம்பி விதைத்தவன் எவனும் கரிசலில் இல்லை. அவனுக்கு வேண்டியது வேறு கேள்விக்கான விடை: விதைக்கும் அளவு மழை எந்த வாரத்தில் வரும், அது வரும் என்று எவ்வளவு தூரம் நம்பலாம்?

பல பத்தாண்டுகளின் நாள்வாரி மழைக் கணக்கை வாரம் வாரமாகப் பிரித்துப் பார்த்துத்தான் அதற்கு விடை கிடைத்தது. பருவத்துக்கு முந்தைய விதைப்பு என்று இந்த நிலையம் பரிந்துரைக்கும் முறை அதிலிருந்து வந்தது. மழை வருவதற்கு ஓரிரு வாரம் முன்பே, செப்டம்பர் இரண்டாம் பாதியில், காய்ந்த மண்ணிலேயே விதைப்பது. சோளத்தை ஐந்து செ.மீ. ஆழத்தில் போடுவது. ஏன் ஐந்து? ஒரு தூற்றலில் ஏமாந்து முளைத்துவிடக் கூடாது. இருபது, இருபத்தைந்து மி.மீ. மழை ஒரு மூச்சில் பெய்து ஈரம் அந்த ஆழத்துக்கு இறங்கினால்தான் விதை கண் திறக்க வேண்டும். விதையையே மழைமானி ஆக்கிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது. மழை பெய்த பிறகு கரிசலில் கால் வைக்க முடியாது, ஏர் இறங்காது, உழுது விதைப்பதற்குள் பத்து நாள் ஈரம் வீணாகும் என்பதையும் யோசித்துச் செய்தது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு பழக்கம். இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி காலை எட்டரை மணிக்கு ஒருவர் மழைமானியின் புனலைத் தூக்கி, உள்ளே சேர்ந்த நீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்து, பதிவேட்டில் எழுதுகிறார். மழை பெய்த நாளிலும் எழுதுகிறார், பெய்யாத நாளிலும் எழுதுகிறார். வேலையில் சேர்ந்த புதிதில் நான் ஒரு முதிய பதிவாளரிடம், "மழையே இல்லாத நாளில் எதற்கு அய்யா எழுத வேண்டும்?" என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தம்பி, பெய்யலேன்னா சைபர் போடு. சும்மா விட்டுட்டா, மழை வரலையா நீ வரலையான்னு எவனுக்குத் தெரியும்?" என்றார். நீரியலில் நான் படித்த மற்ற பாடங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அவரைப் போல எல்லாரும் இருக்கவில்லை. ஓர் அலுவலக வளாகத்தில் மழைமானியைத் தேடிப் போனேன். ஊரையும் பேரையும் விட்டுவிடுவோம். அது ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. நட்டபோது மரம் கன்றாக இருந்திருக்கும், பிறகு யாரும் இடம் மாற்றவில்லை. புனலுக்குள் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது. பதிவேட்டைப் புரட்டினேன். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே பெய்யவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு ஞாயிறு கூட இல்லை. திங்கட்கிழமை மட்டும் கொட்டித் தீர்த்திருக்கிறது. சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது. அந்தப் பதிவை வைத்து ஒரே நாளில் பெய்யக்கூடிய பெருமழை எவ்வளவு என்று கணக்குப் போட்டால், இரண்டு நாள் மழை ஒரு நாளாகித் தப்பான அளவில் பாலம் கட்டுவோம்.

இப்போது பெருவுக்குத் திரும்புகிறேன். நம் பதிவேடும் அவர்கள் பதிவேடும் ஒரே கடலுக்குக் கட்டுப்பட்டவை. 1876, 77-இல் தாது வருஷப் பஞ்சம் இந்தப் பகுதியைச் சூறையாடியது. அதற்குச் சற்று முன்னால், 1875-இல்தான் இந்திய வானிலைத் துறை அமைந்திருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு இமயமலையில் விழும் பனிக்கும் அடுத்து வரும் பருவமழைக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லி 1880-களில் முன்னறிவிப்புச் செய்து பார்த்தார். பனிமலையைப் பார்த்து மழையைச் சொல்லும் முயற்சி அப்போதே தொடங்கிவிட்டது. 1904-இல் பொறுப்புக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். உலகமெங்கும் இருந்து காற்றழுத்தப் பதிவுகளை வரவழைத்து, அலுவலகக் குமாஸ்தாக்களை வைத்துக் கணக்குப் போடச் செய்தார். பசிபிக்கின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்குகிறது என்ற ஊசலை அப்படித்தான் கண்டார், அதற்குத் தெற்கு ஊசல் என்று பெயர் வைத்தார். பெருவின் கரையில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடேறுவதை அங்குள்ள மீனவர்கள் குழந்தை இயேசுவின் பெயரால் எல் நினோ என்று அழைத்தார்கள். அந்தச் சூடும் வாக்கரின் ஊசலும் ஒரே உடம்பின் இரண்டு கைகள் என்று வானிலை அறிஞர் பியர்க்னஸ் விளக்கியது 1969-இல். அதற்குள் வாக்கர் காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

எல் நினோ வந்தால் இந்தியாவுக்கு மழை குறையும் என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அது தென்மேற்குப் பருவத்துக்கு. நம் வடகிழக்குப் பருவம் எதிர்ப்பக்கம் சாய்கிறது. எல் நினோ ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்குப் பெரும்பாலும் கூடுதலாகவே பெய்கிறது. 2015-இல் சென்னை மூழ்கியதும் எல் நினோ ஆண்டில், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் மூழ்கியதும் எல் நினோ ஆண்டில். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. கோவில்பட்டியில் ஏறத்தாழ அரை மீட்டர். ஓர் ஏக்கரில் ஒரு மி.மீ. மழை என்றால் நாலாயிரம் லிட்டர். அரை மீட்டர் என்றால் ஏக்கருக்கு இருபது லட்சம் லிட்டர். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊரில் இது நடந்தது. இங்கே கம்மாய் உடையும் அதே எல் நினோ காலத்தில், வெள்ளை மலைத்தொடரில் வழக்கத்தை விடச் சூடு கூடிப் பனிப்பொழிவு குறைகிறது, பனிப்பாறைகள் கூடுதலாக இழக்கின்றன. நம் வெள்ளமும் அவர்கள் இழப்பும் ஒரே கணக்கின் வரவு செலவு.

அந்த மலையில் அளப்பது எப்படி? ஆல்ப்ஸில் பனி விழும் காலம் வேறு, கரையும் காலம் வேறு. வெப்ப மண்டலத்தில் அப்படிப் பிரிக்க முடியாது. கோடைக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தை விடப் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் அதிகம். ஆகவே பனிப்பாறையின் கீழ்முனை வருஷம் பூராவும் கரைகிறது. மழைக்காலத்தில் உச்சியில் பனி சேரும்போதே அடியில் உருகிக்கொண்டிருக்கும். கோடு எங்கே, எந்த உயரத்துக்கு மேல் பனியாக விழுகிறது, எதற்குக் கீழே மழையாக விழுகிறது என்பதுதான் கேள்வி. வெப்பநிலை ஒரு பாகை மாறினால் அந்தக் கோடு மலைமேல் நூற்றைம்பது மீட்டர் வரை ஏறிவிடும்.

ஓடையும் நம் ஓடை மாதிரி அல்ல. இரவில் மேலே எல்லாம் உறைந்துவிடுவதால் விடிகாலையில் ஓடை மெலிந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் பெருகும். மறுநாளும் அதே கதை. நம் வழக்கப்படி காலை எட்டரைக்கு ஒருவர் போய் அளவுகோலைப் பார்த்து வந்தால் என்ன ஆகும்? வருஷம் பூராவும் ஒழுங்காக, நேர்மையாக, குறைத்தே எழுதிக்கொண்டிருப்பார். சோம்பலால் வரும் பிழையை விட இது மோசம், ஏனென்றால் பதிவேடு பார்க்க அழகாக இருக்கும். அதனால் அங்கே நீர்மட்டத்தைத் தானாகப் பதிக்கும் கருவி வேண்டும். மட்டம் மட்டும் போதாது. எந்த மட்டத்துக்கு எவ்வளவு நீர் என்று தெரிய, வேறு வேறு நாட்களில் ஓடையில் இறங்கி வேகத்தை அளந்து ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். வெள்ளம் வந்து பாறையைப் புரட்டிப் போட்டால் அட்டவணை செல்லாது, மறுபடி இறங்க வேண்டும். நாலாயிரம் மீட்டர் உயரத்தில், பனி உருகிய நீரில் முழங்கால் அளவு நின்றுகொண்டு.

அந்த மக்கள் மலையைக் கவனிக்கக் கற்றுக்கொண்டது சாவின் வழியாக. 1941 டிசம்பர் 13 அன்று பால்காகோச்சா என்ற பனிஏரி உடைந்து உவாராஸ் நகரத்தின் பெரும் பகுதியை அடித்துச் சென்றது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1951-இல் பனிஏரிகளைக் கண்காணிக்க அரசு ஓர் ஆணையம் அமைத்தது. 1962-இல் உவாஸ்கரானின் பனிச்சரிவு ரான்ராயிர்க்கா ஊரை மூடியது. 1970 மே 31 நிலநடுக்கத்தில் அதே மலையின் முகத்தில் ஒரு பகுதி பெயர்ந்து யுங்காய் நகரத்தைப் புதைத்தது. கரையை வெட்டி ஏரிகளின் மட்டத்தைக் குறைப்பது, வடிகால் குழாய் பதிப்பது, கரையை வலுப்படுத்துவது போன்ற வேலைகளில் பெரு நாட்டுப் பொறியாளர்களுக்கு இணையான அனுபவம் உலகில் வெகு சிலருக்கே உண்டு.

ஏரிப் பயத்தால் ஏற்பட்ட கவனத்தோடு, நீர்மின்சாரத்துக்காக ஓடைகளின் அளவும் சேர்ந்தது. 1950-களிலிருந்து சாந்தாவின் துணையாறுகள் பலவற்றில் நிலையங்கள் இயங்கின. நாற்பது ஆண்டுக் கணக்கு சேர்ந்தது. 1990-களில் மின்நிலையம் தனியார் கைக்குப் போனது. துணையாறுகளில் ஆள் வைத்து அளப்பது வீண்செலவாகத் தெரிந்தது, நிலையங்கள் பல கைவிடப்பட்டன. பனி வேகமாகக் கரையத் தொடங்கிய காலத்தில் பதிவேட்டில் வெற்றுப் பக்கங்கள். சைபர் அல்ல, வெறுமை. முதிய பதிவாளர் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருந்த அந்தப் பழைய கணக்கையும் புதிய அளவுகளையும் வைத்துத்தான் மிஷேல் பராயே, பிரையன் மார்க் முதலிய ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். விதைத் தானியத்தையும் குத்தி உலையில் போடுகிற வீட்டில் சில நாள் சாப்பாடு தாராளமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வசதி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். பனிப்பாறை சுருங்கும்போது ஆற்றுக்கும் இதுதான் நடக்கிறது. முதலில் நீர் கூடும், ஓர் உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும், திரும்ப ஏறாது. அவர்கள் பார்த்த ஒன்பது வடிநிலங்களில் ஏழு அந்த உச்சத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டன என்று தெரிந்தது. கீழே பாலைவனத்தில் பண்ணைகள் விரிந்துகொண்டிருந்தபோதே மேலே இறக்கம் தொடங்கிவிட்டது.

நிலையங்கள் கைவிடப்பட்ட பிறகு ஆய்வாளர்கள் மாற்று வழியும் தேடினார்கள். உவாஸ்கரானின் காலடியில் யங்கனூக்கோ பள்ளத்தாக்கில், 2000-களின் நடுவில், அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையடக்கமான தானியங்கி உணர்கருவிகளைப் படிப்படியான உயரங்களில் நட்டு வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதிந்தார்கள். பகலில் காற்று பள்ளத்தாக்கு வழியே மேலேறுவதும் இரவில் இறங்குவதும் மேகத்தையும் மழையையும் எப்படி இழுக்கின்றன என்பது அப்படிப் பிடிபட்டது. அதற்கு முன்பே, தெற்கே கெல்காயா பனித்தொப்பியில் 1983-இல் பனி ஆய்வாளர் லானி தாம்சனின் குழு சூரிய மின்சாரத்தில் துளையிட்டு, ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பனியை வெளியே எடுத்தது. உறைநிலையிலேயே கீழே கொண்டுவர வழியில்லை. துண்டு துண்டாக வெட்டி, அங்கேயே உருக்கி, ஆயிரக்கணக்கான புட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். பக்கத்து நாடான பொலிவியாவில் சகல்தாயா பனிப்பாறை மேல் ஒரு காலத்தில் பனிச்சறுக்கு விளையாடினார்கள். 2009-இல் அது முழுக்க மறைந்துவிட்டது.

அளவு நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. உவாராஸ் உழவர் ஒருவர், பால்காகோச்சா வீங்குவதற்குக் காரணமான புகையில் உனக்கும் பங்கு உண்டு என்று ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. மின்நிறுவனத்தின் மீது 2015-இல் வழக்குப் போட்டார். அவர் வீட்டுக்கு உள்ள ஆபத்து போதிய அளவு இல்லை என்று 2025 மே மாதம் வழக்கு தள்ளுபடியானது. ஆனால் புகை விடுபவர் தொலைவில் இருந்தாலும் பொறுப்பாக்கப்படலாம் என்ற கொள்கையை அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பத்து வருஷ வாதத்தில் இரண்டு தரப்பும் கடைசியில் ஏரியின் அளவையும் சரிவின் அளவையும் பற்றித்தான் பேசின.

பனியே எல்லாம் செய்வதில்லை என்பதும் அளந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பள்ளத்தாக்குகளின் அடியில் பம்பா என்று சொல்லும் புல்வெளிகளும் சதுப்புகளும் இருக்கின்றன. மழையில்லாத மாதங்களில் ஓடைக்கு வரும் நீரில் பெரும் பங்கு அந்தப் புல்லுக்கும் சரளைக்கும் அடியிலிருந்து கசிவது. இதைப் படித்ததும் எனக்கு நீலகிரி நினைவுக்கு வந்தது. பனி இல்லாத நம் மலைகளில் அந்த வேலை புல்வெளியின் வேலை, சோலையின் வேலை.

நீலகிரியில் இதை ஒழுங்காக அளந்திருக்கிறார்கள். தமிழர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும், யாரும் சொல்வதில்லை. உதகமண்டலத்தில் அப்போது மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் என்று பெயர் கொண்டிருந்த நிலையம் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து இரண்டு சிறு வடிநிலங்களை எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் முப்பது ஹெக்டேர் சொச்சம். 1968 முதல் 1971 வரை இரண்டையும் அப்படியே விட்டு அளந்து, இரண்டுக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டார்கள். 1972-இல் ஒன்றில் மட்டும் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் தைல மரம் நட்டார்கள். மற்றது புல்லும் சோலையுமாகவே நின்றது. பத்தாண்டு முடிவில் தைல மரம் நட்ட பக்கம் ஓடைநீர் 16 விழுக்காடு குறைந்திருந்தது. மரத்தை வெட்டி, தூரிலிருந்து தழைத்த இரண்டாவது பத்தாண்டில் 25 விழுக்காடு. வருஷக் கணக்கு இப்படி. கோடைக் கசிவு முதல் சுற்றில் பாதியானது, இரண்டாவது சுற்றில் நாலில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிட்டது. இருபது வருஷம் ஒரே ஓடையருகே ஆட்கள் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வருஷம் பணம் இல்லை என்று நிறுத்தியிருந்தால் தைல மரம் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் எழுதியிருப்பார்கள்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நீலகிரி எதற்கு? கோவில்பட்டி குடிப்பது மலைத்தண்ணீர். சீவலப்பேரியில், குற்றாலத்துப் பக்கம் இருந்து வரும் சிற்றாறு தாமிரபரணியோடு சேரும் இடத்தருகே எடுத்து, குழாய் வழியே இந்த மேட்டுக்குக் கொண்டுவருகிறோம். முக்கூடற்பள்ளு பாடிய முக்கூடல் அதுதான் என்பார்கள். அந்தத் தண்ணீர் பொதிகையின் புல்வெளியிலும் சோலையிலும் பிறக்கிறது. இரண்டு பருவமழையும் அங்கே விழுவதால் ஆறு வற்றாது என்று பெருமை பேசுகிறோம். வற்றாது என்பது அளவு அல்ல, நம்பிக்கை. மே மாதக் கடைசியில், மேல் அணைகளிலிருந்து திறந்துவிட்டது போக, மலை தானாக எவ்வளவு கொடுத்தது? அது முப்பது வருஷத்தில் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? செய்தித்தாளில் தினமும் பாபநாசம் 143 அடியில் இவ்வளவு, மணிமுத்தாறு 118 அடியில் இவ்வளவு என்று பார்க்கிறோம். டீக்கடையில் அதை வைத்துத்தான் விவாதம். அணையின் அடிக்கணக்கு சேமிப்பைச் சொல்லும், வருமானத்தைச் சொல்லாது. சேமிப்பைக் கூட நேராகச் சொல்லாது. அணை கீழே குறுகல், மேலே அகலம். கீழ் ஐம்பது அடித் தண்ணீரும் மேல் ஐம்பது அடித் தண்ணீரும் ஒன்றல்ல. ஓடையில் 'வி' வடிவ வெட்டு வைத்து அளக்கும்போதும் இப்படித்தான். நீர் ஏறும் உயரம் இரண்டு மடங்கானால் ஓடும் நீர் ஐந்தரை மடங்குக்கும் மேல். அடியைப் பார்த்துக் கணக்குச் சொல்பவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

மலைத்தண்ணீரைக் குடிப்பவர்கள் மலையில் அளவெடுக்கும் செலவில் பங்கு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. குழாய்க்குக் கோடிக்கணக்கில் செலவிடும்போது, அந்தக் குழாயின் மேல்முனையில், ஓடைகள் ஆற்றில் சேரும் இடங்களில் நாலைந்து தானியங்கி நிலையங்களுக்கும் அதைக் காலமெல்லாம் கவனிக்கும் ஆட்களுக்கும் செலவிடுவது பெரிய விஷயம் அல்ல. பெருவில் கீழே மின்நிலையத்தை விற்றபோது மேலே அளப்பதை நிறுத்தினார்கள், கண் தெரியாமல் போனது. நாம் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

மாணவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியில் ஒரு மழைமானி வையுங்கள். மொட்டை மாடியில் வேண்டாம், காற்று நீரைச் சிதறடிக்கும். திறந்த தரையில், வாய் தரையிலிருந்து முப்பது செ.மீ. உயரத்தில், பக்கத்துச் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி. காலை எட்டரைக்குப் பாருங்கள். விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யார் வருவது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் பிள்ளைகள் கை தூக்குங்கள். ஊருக்குப் போகிறவர்கள் உங்கள் கம்மாய்க் கலுங்கில் ஓர் அடிக்கோல் வரைந்து, மறுகால் போகும் நாளில் எந்தக் கோடு வரை போனது என்று தேதியோடு எழுதுங்கள். பெய்யாத நாளில் சைபர் போடுங்கள். ஒரு பதிவேடும் பேனாவும் நானே வாங்கி வந்திருக்கிறேன், மேடையில் இருக்கிறது. முதல் வரியை நாளைக் காலையில் எழுதலாம்.